முல்ஷி ஏரிக்கரையில் நிலம்: தண்ணீர் யாருடையது?

கேள்வி: புனேயில் வேலை பார்க்கிறேன். முல்ஷி ஏரியை ஒட்டி அரை ஏக்கர் விலைக்கு வருகிறது. ஏரி டாடா கம்பெனியின் சொத்து, அவர்களுக்குப் பணம் கட்டினால் மோட்டார் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் புரோக்கர். நம்பலாமா?

பதில்: இந்த ஏரி முளா ஆற்றில் அணை கட்டியதால் உண்டானது. அணை கம்பெனியுடையது. ஏரிக்குள் மூழ்கிய நிலமும் அவர்கள் பெயரில் இருக்கும். தண்ணீர் அப்படியல்ல. ஆற்றுநீர் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமாகாது. அதைப் பயன்படுத்தும் உரிமை மட்டுமே உண்டு.

பம்பாய் ஆலைகளுக்கு மின்சாரம் தர டாடா நிறுவனம் 1915-இல் கோபோலியில் நீர்மின் நிலையம் தொடங்கியது. அதற்குப் பின்னால் வந்த திட்டங்களில் ஒன்றுதான் முல்ஷி. நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் மூலம் விவசாயிகளின் வயல்களை அரசே எடுத்துக் கொடுத்தது. 1921-இல் விடுதலைப் போராட்ட வீரர் சேனாபதி பாபட் தலைமையில் மாவள் பகுதி விவசாயிகள் சத்தியாகிரகம் செய்தார்கள், சிறை சென்றார்கள். ஆனாலும் அணை எழுந்தது. அந்தக் குடும்பங்கள் இழந்த நிலத்தின் விளிம்பைத்தான் நீங்கள் வாங்கப் போகிறீர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

முளா ஆறு இயல்பாக பீமா, கிருஷ்ணா வழியாக வங்கக்கடலுக்குப் போகும். இங்கே அதைத் திருப்பி, சஹ்யாத்ரியின் (மேற்குத் தொடர்ச்சி மலை) மேற்குச் சரிவில் உள்ள பிரா மின் நிலையத்தில் இறக்கி, 1927 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். பிறகு அது குண்டலிகா ஆற்றில் விழுந்து அரபிக்கடலுக்குப் போய்விடும். அந்த ஆற்றங்கரையில் உள்ள கோலாடில் காலையில் படகுச்சவாரி நடப்பதே பிராவில் திறந்துவிடும் தண்ணீரால்தான். ஆற்றையே திசைமாற்றுவதால் இதில் மற்ற மாநிலங்களுக்கும் பங்குக் கணக்கு உண்டு. டாடா நீர்மின் அணைகள் எல்லாம் சேர்ந்து ஓராண்டில் 54.5 டிஎம்சிக்கு மேல் வெளியே திருப்பக் கூடாது என்று கிருஷ்ணா நடுவர் மன்றமே வரம்பு போட்டது. இப்படிப்பட்ட தண்ணீரை புரோக்கர் வாய்வார்த்தையில் உங்களுக்கு விற்க முடியாது. குழாய் போக கம்பெனி நிலத்தில் சம்மதம் வேண்டும், தண்ணீருக்கு நீர்வளத் துறை அனுமதி வேண்டும். இரண்டும் எழுத்தில் இருக்கட்டும்.

அப்புறம் ஒன்று. மகாராஷ்டிராவில் விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்க ஆட்சியர் அனுமதி தேவை. முதலில் ‘சாத்பாரா’ (7/12) என்ற நிலப் பதிவேட்டு நகலை வாங்கி, யார் பெயர், என்ன வகை என்று பாருங்கள்.

நிலத்தை மே மாதத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அப்போது ஏரி இறங்கி, காய்ந்த சேறு அகலமாகக் கிடக்கும். அதையும் சேர்த்துக் காட்டி விலை சொல்வார்கள். ஏரி நிரம்பியிருக்கும் செப்டம்பரில் சர்வேயரோடு போய் அளந்து பாருங்கள்.