கேள்வி பதில்: கன்னியாத் தண்ணி ஏன் சுடுது, அது ஆருக்குச் சொந்தம்

கேள்வி: போன மாத இதழில திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளை இராவணன் வாளால குத்தி உண்டாக்கேல்ல, அது பூமிக்குள்ள இருக்கிற சூடு எண்டு எழுதியிருந்தீங்க. எங்கட இடங்கள் ஒவ்வொண்டாக் கைவிட்டுப் போற நேரத்தில ஒரு தமிழனே இப்பிடி எழுதலாமா? இது பறிக்க நிக்கிறவங்களுக்குத் துணை போறதில்லையா?
(வாசகர் ஒருவர், உவர்மலை)

பதில்: ஐயா, உங்கட கோவம் எனக்கு விளங்குது. இதை வாசிச்சிட்டு ரெண்டு நாள் வேற ஒரு கடிதத்துக்கும் நான் பதில் எழுதேல்ல. என்ட அம்மா செத்த பிறகு செய்யிற அந்தியேட்டிக் கிரியை கன்னியாவிலதான் நடந்தது, 31ம் நாள் விடியப்புறம் வான் பிடிச்சுப் போனம், நான் நம்பாதவன் எண்டு வீட்டில எல்லாருக்கும் தெரியும், அதால தம்பிதான் தர்ப்பை போட்டு இருந்தான், நான் பக்கத்தில வாளியோட நிண்டன். ஏழு கிணறு, ஒண்டொண்டும் நாலு பேர் சுத்தி நிக்கிற அளவு சின்னக் கட்டு. ஒரு கிணத்துத் தண்ணி இளஞ்சூடு, அதுக்குப் பக்கத்துக் கிணத்தில அள்ளித் தலையில ஊத்தினால் மூச்சு ஒருக்கா நிண்டு வரும். அடியில இருந்து குமிழ் குமிழா வந்துகொண்டே இருந்தது. அம்மா சின்ன வயசில என்னை அங்க கூட்டிக்கொண்டு போய், இராவணன் தன்ட தாய்க்குக் கிரியை செய்யத் தண்ணி இல்லாம ஏழு இடத்தில குத்தினவன் எண்டு சொன்ன அதே இடம். எனக்கு அந்தக் கதை இண்டைக்கும் விருப்பம், தாய் செத்த துக்கத்தில ஒருத்தன் நிலத்தைக் குத்துறான் எண்டால் அதில ஏதோ ஒண்டு இருக்கு. ஆனா தண்ணி சுடுறதுக்குக் காரணம் அது இல்ல.

காரணம் இதுதான். மழைத்தண்ணி பாறை வெடிப்புகளுக்கால மிச்சம் ஆழத்துக்கு இறங்குது. பூமிக்குள்ள ஒரு கிலோமீற்றர் கீழ போனால் சூடு கிட்டத்தட்ட 25, 30 பாகை செல்சியஸ் கூடும், அதுக்கு எரிமலை தேவையில்ல, சாதாரண நிலமே அப்பிடித்தான். கீழ போய்ச் சூடான தண்ணி இன்னொரு வெடிப்பால மேல வருது, வாற வழியில குளிர் தண்ணி கலக்கிற அளவைப் பொறுத்துச் சூடு கூடிக் குறையும். எங்கட கன்னியா மட்டும் இல்ல, அம்பாறைப் பக்கம் மகாஓயாவில இருக்கு, அம்பாந்தோட்டையில மகாபெலஸ்ஸ எண்ட இடத்தில இருக்கு. மகாஓயாத் தண்ணி எங்கட தண்ணியை விடக் கனக்கச் சூடு, அங்க ஆர் குத்தினது எண்டு கேட்டால் அங்கத்தைய ஆக்கள் வேற கதை சொல்லுவாங்க.

இப்ப உங்கட உண்மையான கேள்விக்கு வாறன், கன்னியா ஆருக்குச் சொந்தம். எங்கட உரிமை இராவணன்ட வாளில தொங்கிக்கொண்டு நிக்கேல்ல ஐயா. என்ட அம்மம்மாவுக்கும் அங்கதான் செய்தது, அவட தாய்க்கும் அங்கதான், உங்கட வீட்டிலயும் அப்பிடித்தான் இருக்கும். தலைமுறை தலைமுறையா எங்கட ஆக்கள் செத்தவைக்கு எள்ளும் தண்ணியும் இறைச்ச இடம், அது நடந்த விசயம், சாட்சி இருக்கு, படம் இருக்கு, உயிரோட கிழவிகள் இருக்கிறாங்க. அதை விட்டுட்டுக் கதையை ஆதாரமாத் தூக்கிப் பிடிச்சால் நாளைக்கு இன்னொருத்தர் இன்னொரு கதையோட வருவார், பிறகு கதைக்கும் கதைக்கும் சண்டை, அந்தச் சண்டையில ஆர்ட கையில ஆக்களும் அதிகாரமும் இருக்கோ அவர்தான் வெல்லுவார். அந்த ஆட்டத்துக்கு நாங்க ஏன் போகோணும்?

இன்னொண்டும் சொல்லோணும். 1622ல போர்த்துக்கீசர் இடிச்சுத் தள்ளின கோணேசர் கோயில்ட தூணும் கல்லும் சுவாமி மலைக்குக் கீழ கடலுக்குள்ள கிடக்கு எண்டு உலகத்துக்குக் காட்டினது ஆர் தெரியுமா? 1956ல அங்க மூழ்கிப் பாத்த மைக் வில்சனும், விஞ்ஞானக் கதை எழுதின ஆதர் சி. கிளார்க்கும். கிளார்க் 2008ல கொழும்பில செத்தபோது தன்ட சவ அடக்கத்தில எந்தச் சமயத்துக் கிரியையும் நடக்கக் கூடாது எண்டு எழுதி வச்சிட்டுத்தான் போனவர். நம்பிக்கை இல்லாத மனுசன் எங்கட கோயில்ட கல்லைத் தேடிக் கடலுக்குள்ள இறங்கியிருக்கிறார். அப்ப நம்பாதவன் எல்லாம் இடத்துக்கு எதிரி எண்டு எப்பிடிச் சொல்லுறது?

கேள்வி: சுனாமி வந்தபோது கோணேசர் கோயிலுக்கு ஒண்டும் நடக்கேல்ல. இதுக்குமா உங்களிட்ட விளக்கம் இருக்கு?
(வாசகி, பாலையூற்று)

பதில்: இருக்கு அக்கா, கோயில் செங்குத்தான மலை உச்சியில இருக்கு. அந்த உயரத்துக்கு எந்த அலையும் ஏறேல்ல, அதே மலையில ஒரு மாட்டுக் கொட்டில் இருந்திருந்தாலும் தப்பியிருக்கும்.

ஆனா இதை இத்தோட விட எனக்கு மனம் வரேல்ல. 2004 மார்கழி 26, ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு அடுத்த நாள், போயா தினமும் கூட. அதாவது கோயிலுக்கும் சேர்ச்சுக்கும் பன்சலைக்கும் போன சனம் எல்லாம் ஒரே நாளில வெளிக்கிட்ட நாள். இலங்கையில 30,000 பேருக்கு மேல செத்தாங்க. எங்கட மாவட்டத்தில கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி எல்லாம் அடிபட்டுது, அதில சைவம், இஸ்லாம், கிறிஸ்தவம் எண்டு கடல் பிரிச்சுப் பாக்கேல்ல. மலையில இருந்த கோயிலைக் காப்பாத்தினது கடவுள் எண்டு நீங்க சொல்லேக்க, நிலாவெளிக் கரையில பிள்ளையைக் கைநழுவ விட்ட ஒரு தாய் அதைக் கேட்டுக்கொண்டு நிக்கிறா எண்டு நினைச்சுப் பாருங்க. அவட பிள்ளையை ஏன் விட்டவர் எண்டு அவ கேட்டால் நீங்க என்ன சொல்லுவீங்க, கர்மவினை எண்டா? மூண்டு வயசுப் பிள்ளைக்கா? இந்தப் பதிலைத்தான் என்னால தாங்க முடியேல்ல.

சுமாத்திராப் பக்கம் நிலம் ஆடினது எங்கட நேரப்படி காலமை ஏழு மணிக்குக் கிட்ட, அலை இங்க வந்து சேர ஒண்டரை, ரெண்டு மணித்தியாலம் எடுத்துது. அந்த இடைவெளியில கரையில இருந்த சனத்துக்கு ஓடச் சொல்லி ஒரு அறிவிப்பு வந்திருந்தால் ஆயிரக்கணக்கில தப்பியிருக்கும். அப்ப இந்து சமுத்திரத்துக்கு எச்சரிக்கை அமைப்பே இல்ல, பிறகுதான் வந்தது. அடுத்த தரம் பிள்ளைகளைக் காப்பாத்தப் போறது அதுதான், அது வேலை செய்யுதா எண்டு கேக்கிற சனமா நாங்க இருக்கோணும்.

கேள்வி: கடவுள் பயம் இல்லாட்டி மனுசன் களவெடுப்பான், கொலை செய்வான். ஒழுக்கம் எங்கயிருந்து வரும்?
(வாசகர், தம்பலகாமம்)

பதில்: உங்களையே கேக்கிறன் அண்ணை, நாளைக்குக் கடவுள் இல்ல எண்டு உங்களுக்கு உறுதியாத் தெரிஞ்சால் பக்கத்து வீட்டு மாட்டை அவிழ்ப்பீங்களா? மாட்டீங்க. அந்த மாடு போனால் அந்த வீட்டுக்காரன்ட அடுப்பு எரியாது எண்டு உங்களுக்குத் தெரியும், அதுதான் காரணம். எனக்கும் அதே காரணம்தான். சுனாமி முடிஞ்ச கையோட பள்ளிக்கூடங்களில சனம் நிரம்பியிருந்தபோது சோத்துப் பார்சல் கொண்டுவந்த பெடியள் ஒருத்தனும் நீ ஆர் எண்டு கேட்டுக் குடுக்கேல்ல, நம்பினவனும் இருந்தான், நம்பாதவனும் இருந்தான், நான் கண்ணால பாத்தன்.

ஆபிரகாம் கோவூரை எங்கட பழைய ஆக்களுக்கு நல்லாத் தெரியும். கேரளாவில ஒரு பாதிரியார்ட மகன், 1928ல இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில தாவரவியல் படிப்பிச்சவர். பேய், செய்வினை, மந்திரம் எண்டு பயந்து போற வீடுகளுக்குப் போய் என்ன நடக்குது எண்டு இருந்து பாத்து ஆக்களைத் தெளிய வச்சவர். மோசடி செய்யேலாத மாதிரி வச்ச சோதனையில ஆராவது அற்புதம் செய்து காட்டினால் ஒரு லட்சம் ரூபா எண்டு 1963ல அறிவிச்சார், அந்தக் காலத்து ஒரு லட்சம், 1978ல அவர் சாகும் வரைக்கும் ஒருத்தரும் வெண்டு வாங்கேல்ல. செத்த பிறகு கண்ணைக் கண் வங்கிக்கும் உடம்பை மருத்துவ மாணவர் படிக்கவும் குடுத்தார். சொர்க்கம் கிடைக்கும் எண்டு நினைச்சுக் குடுக்கேல்ல. ஆருக்கோ பார்வை கிடைக்கும் எண்டு குடுத்தார்.

கேள்வி: எனக்கு 31 வயசு. செவ்வாய் தோஷம் எண்டு ஏழு சம்பந்தம் குழம்பிட்டுது. வீட்டில என்னைப் பாத்தாலே பெருமூச்சு. நான் என்ன பாவம் செய்தன்?
(வாசகி, அன்புவழிபுரம்)

பதில்: ஒரு பாவமும் செய்யேல்ல தங்கச்சி. ஒரு கொப்பியை எடுத்து என்னோட கணக்குப் பாருங்க. லக்கினத்தில இருந்து 2, 4, 7, 8, 12 இந்த வீடுகளில செவ்வாய் நிண்டால் தோஷம் எண்டு சாத்திரிமார் சொல்லுறாங்க. மொத்த வீடு 12, அதில 5 வீடு. அப்ப நூறு பேரைப் பிடிச்சால் நாப்பது பேருக்கு மேல தோஷக்காரர். சிலர் சந்திரனில இருந்தும் சுக்கிரனில இருந்தும் திரும்ப எண்ணுவாங்க, அப்பிடி மூண்டு தரம் எண்ணினால் நூறுக்குக் கிட்டத்தட்ட எண்பது பேர் மாட்டுப்படுவாங்க. உங்கட தெருவில சந்தோசமாக் குடும்பம் நடத்துற ஆக்கள்ட குறிப்பை எல்லாம் வாங்கி எண்ணிப் பாத்தால் அதில பெரும்பான்மைக்கு இந்தத் தோஷம் இருக்கும்! இது தெரிஞ்சபடியாத்தான் இன்ன ராசியில நிண்டால் தோஷம் இல்ல, குரு பாத்தால் தோஷம் இல்ல எண்டு விதிவிலக்கு விதிவிலக்கா வச்சிருக்கிறாங்க. சாத்திரி கணக்கில தோஷம் கழிஞ்ச ஆக்களுக்கும் கழியாத ஆக்களுக்கும் வாழ்க்கையில வித்தியாசம் இருக்கா எண்டு தெருவில நிண்டு பாத்தால் ஒண்டும் தெரியாது. உங்களுக்கு நடந்தது பெரிய அநியாயம், அதைச் செய்தது செவ்வாய்க் கிரகம் இல்ல. இந்தக் கணக்கை அப்பாட்டக் காட்டுங்க, அவர் கோவிச்சாலும் காட்டுங்க.

கேள்வி: நாத்திகம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சரக்கு, அதுவும் ஒரு மதம்தானே? ஐன்ஸ்டீனே கடவுளை நம்பினவர்.
(வாசகர், மூதூர்)

பதில்: மதம் எண்டால் ஒரு நூல், ஒரு குரு, கேக்கக் கூடாத சில கேள்வி இருக்கும். எனக்கு அது மூண்டும் இல்ல, ஆதாரம் காட்டுங்க, நான் மாறுறன். ஐன்ஸ்டீன் பிரார்த்தனை கேட்டுப் பதில் சொல்லுற கடவுளை நம்பேல்ல, அதை அவரே எழுதியிருக்கிறார், அதே நேரம் தன்னை நாத்திகன் எண்டு சொல்லுறதையும் விரும்பேல்ல, அதால அவரை ரெண்டு பக்கமும் விட்டுடுவம். பெரிய மூளை சொல்லிட்டுது எண்டதுக்காக ஒண்டு உண்மையாகாது.

வெள்ளைக்காரன் சரக்கு எண்டதைத்தான் மறுக்கிறன். மணிமேகலையில 27வது காதையை எடுத்துப் பாருங்க. வஞ்சி நகரில மணிமேகலை ஒவ்வொரு சமயக்காரரிட்டயும் போய் உங்கட கொள்கை என்ன எண்டு கேக்கிறாள், அதில ஒருத்தன் பூதவாதி, கண்ணால கண்டதுதான் உண்மை, மறுபிறப்பு இல்ல எண்டு சொல்லுறான். அவனை அடிச்சுக் கலைக்கேல்ல, அவன்ட வாதத்தைக் கடைசி வரைக்கும் கேட்டுட்டு, உன்ட தாய் தேப்பனை அனுமானம் இல்லாம எப்பிடி அறிஞ்சாய் எண்டு ஒரு கேள்வியால மடக்கிறாள். நல்ல கேள்வி, நானும் அதோட ஒத்துக்கொள்ளுறன், கண்ணுக்குத் தெரியாததையும் அனுமானத்தால அறியலாம், ஆனா அனுமானத்துக்கு ஆதாரம் வேணும். அவளிட்ட இருந்த பொறுமை இண்டைக்கு எங்கட குடும்ப வட்சப் குரூப்பில இல்ல.

கேள்வி: கோயிலுக்கு வரமாட்டன், எனக்கு நம்பிக்கை இல்ல எண்டு அம்மாட்டச் சொல்லிட்டன். ஒரு கிழமையா என்னோட கதைக்கேல்ல, சாப்பாட்டை மேசையில வச்சிட்டு அறைக்குள்ள போறா. நான் பொய் சொல்லியிருக்கோணுமா?
(வாசகர், வயசு 22, லிங்கநகர்)

பதில்: பொய் சொல்ல வேண்டாம் தம்பி. ஆனா உங்கட அம்மா என்னத்துக்கு அழுறா எண்டு யோசிச்சுப் பாத்தீங்களா? சைவ சித்தாந்தத்தில நீங்க கருத்து வேறுபட்டதுக்கு இல்ல. தான் செத்தால் இவன் எனக்கு ஒண்டும் செய்யமாட்டான், என்னை விட்டு விலகிட்டான் எண்டுதான் அவ நினைக்கிறா. நம்பாதவன் எண்டால் வெறுக்கிறவன் எண்டு ஊரெல்லாம் சொல்லிக் குடுத்திருக்கு, அவவும் அதைத்தான் கேட்டு வளந்தவ.

எனக்கு உங்கட வயசில ஒரு வெள்ளிக்கிழமை அம்மா கோணேசர் கோயிலால வந்து வழமை போல நெத்தியில திருநீறு பூசினா, நான் அவட கண்ணுக்கு முன்னாலயே துடைச்சன். கொள்கையில நிண்டதா அப்ப எனக்குள்ள ஒரு பெருமை. அவ ஒண்டும் சொல்லேல்ல, கையில மிச்சம் இருந்த திருநீறைத் திரும்பக் கடதாசியில போட்டு மடிச்சா, அந்த மடிப்பு எனக்கு இண்டைக்கும் தெரியுது. பிறகு கடைசி அஞ்சு வருசம் முழங்கால் வருத்தத்தால அவவுக்குத் தனியப் போகேலாது, நான்தான் ஓட்டோவில கூட்டிக்கொண்டு போவன், கோட்டை வாசலால ஏறேக்க மான்கள் ரோட்டில நிக்கும், ஓட்டோவை நிப்பாட்டச் சொல்லிப் பழத்தோல் போடுவா. உள்ளுக்கு அவ கும்பிடுவா, நான் வெளிய இராவணன் வெட்டுப் பக்கம் செருப்பைப் பாத்துக்கொண்டு கடலைப் பாத்துக்கொண்டு நிப்பன். நீ கும்பிடேல்லயா எண்டு கேப்பா, இல்லம்மா எண்டுவன், சரி தட்டைப் பிடி எண்டுவா.

இந்த வெள்ளிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்க தம்பி, தட்டை நீங்க தூக்குங்க. திருநீறு பூச வந்தால் நெத்தியைக் காட்டுங்க.