ஒப்பந்தம் முடிந்த வீரரைச் சின்ன கிளப் சும்மா விட்டுவிட வேண்டியதுதானா?

கேள்வி இது: ஒரு சின்ன கிளப் பல வருடம் செலவு செய்து ஒரு வீரரை உருவாக்குகிறது. ஒப்பந்தம் முடிந்த மறுநாளே பெரிய கிளப் ஒன்று பைசா கொடுக்காமல் அவரைக் கூட்டிக்கொண்டு போகிறது. இது அநியாயம் இல்லையா, தடுக்க வழியே கிடையாதா?

வீரர் பக்கம் பார்த்தால் இதில் ஒரு அநியாயமும் இல்லை. மாட்டுத்தாவணியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவர் பேசிய காலம் முடிந்து அடுத்த கடைக்குப் போனால், பழைய முதலாளி புது முதலாளியிடம் போய்ப் பணம் கேட்க முடியுமா? கால்பந்தில் மட்டும் 1995 வரை கேட்க முடிந்தது. கிளப்புக்கு நஷ்டம் என்பது உண்மைதான். ஆனால் அந்த நஷ்டம் ஒப்பந்தத்தின் கடைசி நாளில் வருவதில்லை, வெகு முன்னாலேயே வந்துவிடுகிறது. எங்கள் மதுரைப் பக்கம் பையனுக்குப் பன்னிரண்டு வயது ஆகும்போதே வந்துவிடுகிறது. அரசரடிப் பக்கம் ஒரு சின்ன கிளப்பில் காலை நேரத்தில் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவன் என்கிற முறையில் சொல்கிறேன். (சம்பளம் உண்டா என்று கேட்காதீர்கள்.)

முதலில் பழைய கதை. பெல்ஜியத்தில் லியேஜ் என்ற கிளப்பில் ஜான்-மார்க் போஸ்மான் ஆடிக்கொண்டிருந்தார். 1990 ஜூன் கடைசியில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. மாதம் 1,20,000 பெல்ஜிய ஃபிராங்க் வாங்கிக்கொண்டிருந்தவரிடம், இனி 30,000தான், இஷ்டம் இருந்தால் இரு என்றது கிளப். அவர் மறுத்தார். சரி, போ என்று விடவும் இல்லை. அவரை விற்பனைப் பட்டியலில் போட்டு ஒரு கோடியே பதினேழு லட்சம் ஃபிராங்குக்கு மேல் விலை வைத்தார்கள். சம்பளத்தை நாலில் ஒரு பங்காகக் குறைக்கும் அளவுக்குத்தான் மதிப்பு என்று சொன்ன அதே ஆளுக்கு அந்த விலை! பிரான்சின் டன்கெர்க் கிளப் அவரை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. ஆனால் அந்த கிளப்பால் பணம் கட்ட முடியுமா என்று லியேஜுக்குச் சந்தேகம். அதனால் பிரான்சுக்குப் போக வேண்டிய மாற்றுச் சான்றிதழை அனுப்பும்படி பெல்ஜியச் சம்மேளனத்திடம் சொல்லாமலே விட்டுவிட்டது. போஸ்மான் கோர்ட்டுக்குப் போனார். 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஒப்பந்தம் முடிந்த வீரர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வேறு நாட்டு கிளப்புக்குப் போக, பழைய கிளப் பணம் கேட்கக் கூடாது.

இதில் அந்தச் சான்றிதழ் விஷயத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் அதன் தம்பி ஒருவர் இருக்கிறார், பெயர் என்.ஓ.சி., பழைய கிளப் கொடுக்க வேண்டிய தடையில்லாச் சான்று.

தீர்ப்பு வந்ததும் பெரிய அடி வாங்கியது நெதர்லாந்தின் ஆயாக்ஸ் கிளப். 1995 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் இத்தாலியின் மிலான் அணியை 1-0 என்று ஜெயித்தார்கள், கோல் போட்டவர் கிளைவர்ட். அடுத்த வருடமே டேவிட்ஸ் ஒப்பந்தம் முடிந்து மிலானுக்குப் போனார். 1997இல் கிளைவர்ட்டும் போனார், அதே மிலானுக்கு, அதே மாதிரி இலவசமாக. சொந்த மைதானத்தில் பையன்களை வளர்த்தே பேர் வாங்கிய கிளப் அது.

இப்போது ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே வீரர் வேறு கிளப்புடன் கையெழுத்துப் போட்டுவிடலாம். ஆக, ஜூனில் முடிகிற ஒப்பந்தம் என்றால் ஜனவரியோடு கிளப்பின் பிடி போய்விடுகிறது. உண்மையில் அதற்கும் முந்தைய கோடை விடுமுறையில்தான் முடிவெடுக்க வேண்டும்: கிடைத்த விலைக்கு விற்பதா, ஒரு வருடம் ஆடவைத்துவிட்டு இலவசமாக அனுப்புவதா? ஜெர்மனியின் டார்ட்மண்ட் கிளப் 2013இல் தன் கோல் வீரர் லெவண்டோவ்ஸ்கியை அதே நாட்டின் பயர்ன் கிளப்புக்கு விற்க மாட்டோம் என்று சொல்லி இன்னொரு சீசன் வைத்துக்கொண்டது. 2014இல் அவர் சும்மா பயர்னுக்குப் போனார். இதை ஏமாளித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு சீசனுக்கான கோல்களை அவர்கள் விலை கொடுத்து வாங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் டார்ட்மண்ட் தாங்கும். ஒரே ஒரு நல்ல வீரரை நம்பி வருடத்தை ஓட்டுகிற கிளப் தாங்காது. அதனால் சின்ன கிளப் பதினெட்டு மாதம் முன்னாலேயே புது ஒப்பந்தம் பேச வேண்டும், வீரர் இழுத்தடித்தால் விற்றுவிட வேண்டும். விலை குறைவாக வந்தாலும் பின்னால் அவரை விற்கும்போது லாபத்தில் இத்தனை சதவீதம் எங்களுக்கு என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

அப்புறம், இந்த இலவசம் பெரிய கிளப்புக்கும் இலவசம் இல்லை. பழைய கிளப்புக்குக் கொடுக்காத தொகையில் பெரும்பகுதி வீரருக்குக் கையெழுத்துப் பணமாகவும் ஏஜென்ட்டுக்குக் கமிஷனாகவும் போய்விடும். வீரரும் ஏஜென்ட்டும் கடைசி வருடம் வரை இழுப்பதற்குக் காரணம் வேறென்ன?

இனி, தடுக்க வழி இருக்கிறதா என்ற இரண்டாவது பாதி. இளம் வீரர்கள் விஷயத்தில் ஓரளவுக்கு இருக்கிறது. இங்கிலாந்தில் 24 வயதுக்குள் இருக்கும் வீரருக்கு கிளப் தக்க ஒப்பந்தம் கொடுத்தும் அவர் மறுத்து அந்த நாட்டுக்குள்ளேயே வேறு கிளப்புக்குப் போனால், வளர்த்த கிளப்புக்கு இழப்பீடு உண்டு. தொகையில் ஒத்துவராவிட்டால் ஒரு தீர்ப்பாயம் முடிவு செய்யும். 2015இல் டேனி இங்ஸ் பர்ன்லியிலிருந்து லிவர்பூலுக்குப் போனது அப்படித்தான். பர்ன்லிக்கு 65 லட்சம் பவுண்டு, மேற்கொண்டு நிபந்தனைத் தொகைகள் என்று தீர்ப்பாயம் சொன்னது.

நாடு விட்டு நாடு போனால் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி. அதில் இரண்டு வகைப் பணம் இருக்கிறது, பலரும் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். ஒன்று பயிற்சி இழப்பீடு. 12 வயதிலிருந்து 21 வரை யார் யார் பயிற்சி கொடுத்தார்களோ அவர்களுக்கு, வீரர் முதன்முதலில் தொழில்முறை ஒப்பந்தம் போடும்போது கிடைப்பது. அதற்குப் பிறகு 23 வயது முடியும் சீசன் வரை கிளப் மாறும்போது, விட்டுப்போகும் கிளப்புக்கு மட்டும் கிடைக்கும். ஒப்பந்தம் முடிந்து இலவசமாகப் போனாலும் இது உண்டு. தொகை, எடுத்துக்கொள்ளும் கிளப் எந்தப் பிரிவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஐரோப்பாவில் முதல் பிரிவு கிளப்புக்கு வருடக் கணக்கு 90,000 யூரோ, ஆசியாவில் மூன்றாம் பிரிவுக்கு 10,000 டாலர். கடைசிப் பிரிவு கிளப்புக்கே போனால் ஒன்றும் கிடையாது.

இரண்டாவது, சாலிடாரிட்டி பங்கு. எந்த வயதில் விற்றாலும் டிரான்ஸ்ஃபர் தொகையில் 5 சதவீதத்தை, 12 முதல் 23 வயது வரை அவர் பதிவாகியிருந்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். 12 முதல் 15 வரை வருடத்துக்குக் கால் சதவீதம், அதற்குப் பிறகு அரை சதவீதம். முதல் நான்கு வருடம் வைத்திருந்த கிளப்புக்கு ஒரு கோடி ரூபாய் டிரான்ஸ்ஃபரில் ஒரு லட்சம் வரும். ஆனால் ஒப்பந்தம் முடிந்து போனால் டிரான்ஸ்ஃபர் தொகையே இல்லை, பூஜ்யத்தில் ஒரு சதவீதம் பூஜ்யம்தான். இலவசமாகப் போகும்போது கடைசி கிளப் மட்டும் நஷ்டப்படுவதில்லை, பத்து வருடம் முன்னால் அவருக்கு பந்து மிதிக்கச் சொல்லிக்கொடுத்த மைதான கிளப்பும் சேர்ந்தே நஷ்டப்படுகிறது. இதை யாரும் பேசுவதில்லை.

பிரான்ஸ் வீரர் போக்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2012இல் மான்செஸ்டர் யுனைடெட்டில் ஒப்பந்தம் முடிந்து இத்தாலியின் யுவென்டஸுக்குப் போனார். வயது பத்தொன்பது என்பதால் பயிற்சி இழப்பீடு மட்டும் வந்தது, அது பத்து லட்சம் பவுண்டைக்கூட எட்டவில்லை. நான்கு வருடம் கழித்து அதே யுனைடெட் ஏறக்குறைய 8.9 கோடி பவுண்டு கொடுத்து அவரைத் திரும்ப வாங்கியது. அந்த முறை பாரிஸுக்கு வெளியே இருக்கும் ருவாசி-ஆன்-ப்ரீ, டோர்சி மாதிரிச் சின்னஞ்சிறு கிளப்புகளுக்கும் பங்கு கேட்க உரிமை இருந்தது. சிறு வயதில் அவர் ஆடிய இடங்கள் அவை. நம் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் சாயங்காலம் ஆடும் கூட்டத்துக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது, ஒன்றைத் தவிர. அவர்களிடம் பதிவு இருந்தது.

எங்கள் கிளப்பில் ஒரு பையன் இருந்தான். இடது கால்காரன், சமயநல்லூர்ப் பக்கத்திலிருந்து முதல் டவுன் பஸ்ஸில் வருவான். பதினோரு வயதிலிருந்து நான்கைந்து வருடம் எங்களிடம் ஆடினான். பிறகு வெளியூர் அகாடமி ஒன்று செலக்‌ஷனில் பார்த்து எடுத்துக்கொண்டது. அங்கிருந்து இன்னொரு கிளப், அங்கே ஒப்பந்தம் முடிந்து இப்போது வடக்கே ஒரு கிளப்பில் நல்ல சம்பளம். சந்தோஷம்தான். அவன் முதல் ஒப்பந்தம் போட்ட சமயத்தில் எங்கள் செயலாளர், பயிற்சி இழப்பீடு ஏதாவது வருமா என்று விசாரித்தார். சம்மேளனத்தின் கணினிப் பதிவில் அந்தப் பையனின் கால்பந்து வாழ்க்கை பதினாறு வயதில், அந்த அகாடமியில் தொடங்கியிருந்தது. எங்களிடம் இருந்தது ஒரு லாங் சைஸ் நோட்டு. வருகைக் குறிப்பு, அவனுக்கு வாங்கிய பூட் சைஸ், எந்தெந்த நாள் முட்டை, எந்தெந்த நாள் சுண்டல் என்ற கணக்கு, யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது எல்லாம் அதில் இருக்கிறது. அந்த நாளில் இங்கே யாரும் சின்னப் பையன்களைப் பதிவு செய்ததில்லை. டோர்னமென்டுக்குப் போனால் ஆதார் ஜெராக்ஸ் கேட்பார்கள், அதோடு சரி.

செய்தி எப்படியோ பையனின் அப்பா காதுக்குப் போய்விட்டது. மார்க்கெட்டில் லோடு இறக்கிவிட்டு, தோளில் துண்டோடு நேராக மைதானத்துக்கு வந்தார். "சார், காசு கீசுன்னு ஏதாச்சும் கேட்டு புள்ள பொழப்பக் கெடுத்துறாதீங்க சார்" என்றார். "பையன்கிட்ட இல்லண்ணே, அந்த கிளப்புகிட்டதான் கேட்கலாம்னு பார்த்தோம்" என்று செயலாளர் எவ்வளவோ சொன்னார். அவர் முகம் தெளியவில்லை.

அவர் பயப்பட்டதில் தப்பே இல்லை. இங்கே பல இடங்களில் நடப்பது அப்படித்தான். பையனுக்கு வெளியில் வாய்ப்பு வந்ததும் என்.ஓ.சி.யை மடியில் கட்டிக்கொண்டு, இத்தனை ஆயிரம் கொடு, இல்லாவிட்டால் இந்த சீசன் எங்கும் ஆட முடியாது என்று மிரட்டுவது. கொடுப்பது யார்? புது கிளப் இல்லை, பெரும்பாலும் அப்பாதான், வட்டிக்கு வாங்கி. லியேஜ் போஸ்மானுக்குச் செய்ததும் இதே வேலைதான். சின்ன கிளப் பாவம் என்று பேசும்போது இந்தப் பக்கத்தையும் சேர்த்துப் பேச வேண்டும். வளர்த்ததற்குப் பணம் கேட்பதில் தவறே இல்லை. எடுத்துக்கொள்ளும் கிளப்பிடம், விதிப்படி, ஆவணத்தோடு கேட்க வேண்டும். பையனைப் பணயம் வைத்துக் கேட்கக் கூடாது.

இன்னொரு ஓட்டை பெண்கள் கால்பந்தில் இருக்கிறது. மதுரையின் சேது எஃப்.சி. 2018-19 சீசனில் இந்திய மகளிர் லீக் கோப்பையை வாங்கியது. லூதியானாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று ஜெயித்தார்கள். அந்த சீசனில் சேதுவுக்கு ஆடியவர்களில் ஒருவர் நேபாள வீராங்கனை சபித்ரா பண்டாரி. அடுத்த சீசனில் அவர் கோகுலம் கேரளா சட்டையில் ஆடினார், கோப்பையும் கோகுலத்துக்குப் போனது. அவர் ஏற்கெனவே பேர் வாங்கி வந்தவர், அவர் போனதில் யாரும் குறை சொல்ல முடியாது. நான் கவலைப்படுவது இங்கேயே பன்னிரண்டு வயதில் பூட் மாட்டுகிற பெண் பிள்ளைகளைப் பற்றி. ஃபிஃபாவின் பயிற்சி இழப்பீடு பெண்கள் கால்பந்துக்குப் பொருந்தாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். செலவு கூடினால் கிளப்புகள் பெண்களை எடுக்கத் தயங்கும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அந்தக் கவலையை நான் முழுதாகத் தள்ளவில்லை. ஆனால் பெண் பிள்ளைகளுக்கென்று தனி நேரம் ஒதுக்கிப் பயிற்சி கொடுக்கும் கிளப்புக்கு என்ன மிச்சம்? அந்தப் பெண்ணை யாராவது விலை கொடுத்து வாங்கினால் சாலிடாரிட்டி பங்கு கிடைக்கும். குறுகிய ஒப்பந்தங்களில் ஆடி, முடிந்ததும் மாறுகிற இடத்தில் அதுவும் அபூர்வம்.

2022 நவம்பரிலிருந்து ஃபிஃபா பாரிஸில் ஒரு கிளியரிங் ஹவுஸ் நடத்துகிறது. வீரர் எந்த வயதில் எந்த கிளப்பில் பதிவாகியிருந்தார் என்பதைச் சம்மேளனப் பதிவுகளிலிருந்து கோத்து, யாருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பணத்தை அங்கிருந்தே அனுப்புகிறார்கள். முன்பு மாதிரி கிளப் தானாகத் தேடிப்போய் வழக்குப் போட வேண்டியதில்லை. நாட்டுக்குள் மாறும்போது அந்தந்த நாட்டுச் சம்மேளனத்தின் விதிதான், அதிலும் வளர்த்த கிளப்புக்குப் பங்கு கொடுக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது ஃபிஃபாவின் நிபந்தனை. எந்த விதியானாலும் கணினிப் பதிவில் உங்கள் கிளப் பெயர் இல்லையென்றால் நீங்கள் அங்கே இல்லவே இல்லை.

கேட்டவர் கிளப் நடத்துகிறவராக இருந்தால், பெரிய கிளப்பைத் திட்டுவதை ஓரமாக வைத்துவிட்டு, இந்த சீசனில் பன்னிரண்டு வயது ஆகும் பையன்களின் பிறப்புச் சான்றிதழை வாங்கி, மாவட்டச் சங்கம் வழியாகப் பதிவை முடித்துவிடுங்கள். சான்றிதழில் ஒரு தேதியும் பள்ளிக்கூடத்தில் வேறு தேதியும் இருக்கும், அதைத் திருத்தவே ஒரு மாதம் ஓடிவிடும். ஒவ்வொரு சீசனும் புதுப்பிக்க வேண்டும். எங்கள் செயலாளர் போன ஜூனில் ஆரம்பித்தார், இன்னும் ஏழெட்டுப் பெயர் பாக்கி இருக்கிறது.