மருத்துவம் படித்த மகள் ஐ.டி. பக்கம் போகலாமா?

"இத்தனை வருஷம் டாக்டருக்குப் படித்துவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் போகிறேன் என்கிறாளே" என்பதுதான் உங்கள் கவலை. படித்த படிப்பு வீணாகாது. அவசரப்பட்டால் மட்டும் பாதி வீணாகலாம்.

முதலில், மகள் போக நினைப்பது மருத்துவத் தகவலியல், அதாவது மருத்துவமனை மென்பொருள் நோயாளிக்கு ஆபத்தில்லாமல் இயங்கும்படி பார்த்துக்கொள்வது; சாஃப்ட்வேர் எழுதும் வேலை இல்லை. ஐந்து வயதுக் குழந்தைக்குப் பாராசிட்டமால் எழுதும் திரையை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் எடை 20 கிலோ. கிலோவுக்கு 15 மி.கி. வீதம் ஒரு வேளைக்கு 300 மி.கி. யாரோ எடையைப் பவுண்டில் பார்த்து, கிலோ கட்டத்தில் 44 என்று அடித்துவிடுகிறார். கம்ப்யூட்டர் 660 மி.கி. என்கிறது. கணக்கில் பிழையே இல்லை, அதனால் புரோகிராமர் கண்ணில் எதுவும் படாது. ஐந்து வயதுக்கு 44 கிலோவா என்று கேட்க ஒரு டாக்டர்தான் வேண்டும்.

சரி, எச்சரிக்கை வைத்துவிடலாம் என்று தோன்றும். அதிலும் சிக்கல் உண்டு. சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் திரையில் எச்சரிக்கை வந்தால் டாக்டர்கள் படிக்காமலே தள்ளிவிடுவார்கள். 2006-ல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, இப்படித் தள்ளிவிடப்படும் எச்சரிக்கைகள் 49 முதல் 96 சதவீதம் வரை என்று சொன்னது. எதற்குத் தடுப்பது, எதற்குச் சும்மா காட்டுவது, எதை விட்டுவிடுவது என்று முடிவு செய்வதுதான் உங்கள் மகளின் வேலையாக இருக்கும். நோயாளியைப் பார்த்துப் பழகாதவருக்கு அந்த முடிவு வராது.

ஆகவே பயிற்சி மருத்துவம் முடிந்த கையோடு இந்தப் பக்கம் தாவ வேண்டாம். வார்டிலும் புறநோயாளிப் பிரிவிலும் இரண்டு மூன்று வருஷமாவது இருக்கட்டும். சீக்கிரம் வருபவர்கள் பல நேரம் மெடிக்கல் கோடிங் வேலையில், அதாவது நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீட்டு எண் போடும் வேலையில், போய் நிற்கிறார்கள். அது கண்ணியமான வேலைதான், ஆனால் அதற்கு டாக்டர் பட்டம் தேவையில்லை.

இந்த இடைவெளியில் கற்க வேண்டியதில் முதலிடம், சேமித்து வைத்த தகவலிலிருந்து வேண்டியதை எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல்லுக்கு (SQL). தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் மூன்று மாதத்தில் கை வந்துவிடும். பைத்தான் என்ற புரோகிராம் மொழி பிறகு வரட்டும். பழகுவதற்கு உண்மையான நோயாளிகளின் தகவலைத் தொடவே கூடாது. சிந்தியா என்ற இலவச மென்பொருள் கற்பனை நோயாளிகளின் பதிவுகளை உருவாக்கித் தரும், அதுவே போதும்.

அடுத்தது தரக்குறியீடுகள், அதாவது எல்லா மருத்துவமனைகளும் ஒரே பொருளில் பயன்படுத்தும் பொதுக் குறியீடுகள். பலரும் இதைச் சலிப்பென்று தாண்டிப் போகிறார்கள், நேர்காணலில் மாட்டுவதும் இங்கேதான். நோய்களுக்கு ஐசிடி: பத்தாம் பதிப்பில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இ11, பதினோராம் பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பரிசோதனைகளுக்கு லாயின்க்: மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி-க்கு 4548-4. மருத்துவச் சொற்களுக்கு ஸ்னோமெட் சிடி. இவற்றையெல்லாம் ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் வழிமுறை, எச்எல்7 என்ற தரநிர்ணய அமைப்பின் ஃபயர் (FHIR). குறியீடு சரியாக இருந்தும் அலகு மாறினால் கதை கந்தல். சர்க்கரை 100 மி.கி./டெ.லி. என்பது லிட்டருக்கு 5.6 மில்லிமோல். இரண்டு ஆய்வகங்களின் எண்களை மாற்றாமல் ஒரே வரைபடத்தில் போட்டால், நோயாளிக்குச் சர்க்கரை திடீரென்று பாதாளத்துக்கு இறங்கியதுபோலத் தெரியும்.

பட்டம் தேவையா? அது எந்த நாட்டில் வேலை என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் மருத்துவத் தகவலியல் 2011-ல் துணைச் சிறப்புப் பிரிவாக ஏற்கப்பட்டு, 2013-ல் முதல் தேர்வு நடந்தது. அதற்கு ஏதாவது ஒரு முதன்மைச் சிறப்புத் தகுதி கையில் இருக்க வேண்டும். அந்தத் திட்டம் இருந்தால், முதலில் சிறப்புப் படிப்பு.

முதல் வாய்ப்பை வெளியே தேட வேண்டியதில்லை. வேலை பார்க்கும் மருத்துவமனையில் புதுப் பதிவேட்டு மென்பொருள் வரும்போது, தன் துறை சார்பில் சோதித்துப் பார்க்கக் கேட்டு வாங்கட்டும். சர்வர் நின்றுபோனால் எந்தக் காகிதத்தில் மருந்து எழுதுவது, சர்வர் திரும்பியதும் அதை யார் ஏற்றுவது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தாலே நிர்வாகம் திரும்பிப் பார்க்கும். தலைமை மருத்துவத் தகவல் அதிகாரி பதவிவரை போகிற பாதை இப்படித்தான் தொடங்குகிறது.

வருமானத்தையும் மறைக்க வேண்டாம். ஆரம்ப வருஷங்களில், கைராசி டாக்டர் என்று பெயரெடுத்த வகுப்புத் தோழர்களைவிடக் குறைவாகவே இருக்கலாம். மருத்துவப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு, வாரம் ஒரு நாளாவது நோயாளி பார்ப்பதை விடாமல் இருந்தால் திரும்பும் கதவு சாத்திக்கொள்ளாது.

நிறுவனத்தில் வேலைக்கு அழைப்பு வந்தால் இரண்டு கேள்விகளை உங்கள் மகளே கேட்கட்டும். "நோயாளிக்கு ஆபத்து என்று நான் சொன்னால் மென்பொருள் வெளியீட்டை நிறுத்த முடியுமா? நான் யாருக்குக் கீழே வேலை செய்வேன்?" இரண்டாவதற்கு விற்பனைப் பிரிவு என்று பதில் வந்தால், விளம்பரத்தில் போட ஒரு டாக்டர் பெயரைத் தேடுகிறார்கள் என்று அர்த்தம்.