கரண்டு வேலையை நாமே பார்த்தால் இன்சூரன்ஸ் என்ன ஆகும்?

தம்பி, அமெரிக்காவில் புதிதாக வாங்கிய வீட்டில் கார் சார்ஜருக்கு 240 வோல்ட் லைனை டவுன் ஆபீசில் பெர்மிட் (வேலைக்கான அனுமதி) எடுக்காமல் நானே இழுத்தால், நாளைக்குத் தீப்பிடித்தால் இன்சூரன்ஸ் காசு வராதா என்று கேட்டிருந்தீர்கள்.

நான் இப்போது லீவில் அம்பாசமுத்திரத்தில் இருக்கிறேன். கண்ணெதிரே மெயின் போர்டு, பீங்கான் பீஸ் கட்டையில் அப்பா முறுக்கிய செம்புக் கம்பி அப்படியே கிடக்கிறது. இதைப் பார்த்தே வளர்ந்ததால் அங்கே போயும் நமக்குக் கை துறுதுறுக்கும். ஆனால் இது செங்கல் சுவர். அங்கே மரச்சட்டம், மேலே ஜிப்சம் பலகை, வயர் மரத்தைத் துளைத்துக்கொண்டு ஓடும், உள்ளே ஒரு ஜாயின்ட் சூடானால் வெளியே தெரியாது.

பெர்மிட் இல்லை என்ற ஒன்றுக்காகவே கிளெயிமைத் தள்ளிவிடுவார்கள் என்று நம்மாட்கள் சொல்வது முழுக்கச் சரியில்லை. வீட்டுக்காரர் கவனக்குறைவால் பிடித்த தீக்கும் சாதாரண பாலிசியில் பெரும்பாலும் பணம் உண்டு. தப்பாகச் செய்த வயரிங்கைத் திரும்பச் செய்யும் செலவுதான் நம் தலையில் விழும். ஆனால் விசாரணை இழுக்கும், அடுத்த வருடம் பாலிசியைப் புதுப்பிக்காமல் விடலாம், கேட்கும்போது பொய் சொல்லியிருந்தால் பாலிசியே செல்லாமல் போகலாம். உங்கள் பாலிசியை ஒரு தடவை முழுசாகப் படித்துவிடுங்கள்.

நியூ ஜெர்சியில் முதல் வீட்டு கராஜில் பெர்மிட் எடுக்காமல் நான்கு பிளக் பாயின்ட் போட்டேன். விற்கும்போது வாங்குகிறவர் கூட்டிவந்த ஆள் கண்டுபிடித்துவிட்டார், பெயின்ட் அடித்த சுவரை அறுத்துத் திறந்து காட்ட வேண்டியதாயிற்று. ஒரு பிளக் பெட்டிக்குள் ஸ்க்ரூ தளர்ந்து, வயரின் வெள்ளை உறை விரல் நீளத்துக்குப் பழுப்பேறியிருந்தது. அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் என் மகளின் கட்டில். பெர்மிட் எடுத்து டவுன் இன்ஸ்பெக்டர் முன்பே வந்திருந்தால் அந்தப் பெட்டியை அன்றைக்கே திறந்து பார்த்திருப்பார்.

பல மாநிலங்களில் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டில் நாமே வயரிங் செய்யலாம், பெர்மிட் மட்டும் வேண்டும். ஊருக்கு ஊர் மாறும், உங்கள் டவுன் ஆபீசில் கேளுங்கள். சுவரை மூடும் முன் இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.

அப்புறம், 40 ஆம்ப் சார்ஜர் மணிக்கணக்கில் ஓடுவதால் பிரேக்கர் 50 ஆம்ப் வேண்டும். அதற்கு வீட்டுக்குள் ஓடும் சாதாரண கேபிள் என்றால் 6 கேஜ் செம்பு. 8 கேஜ் அதைவிட மெல்லிசு, விலை குறைவு, வளைக்கவும் சுலபம், தயவுசெய்து அதை வாங்கிவிடாதீர்கள். முதலில் பேனல் (பிரேக்கர்கள் இருக்கும் மெயின் பெட்டி) கதவைத் திறந்து ஒரு போட்டோ அனுப்புங்கள், உள் மூடியைக் கழற்ற வேண்டாம். மெயின் பிரேக்கர் 100 ஆம்ப் என்றால் வேறு கணக்குப் போட வேண்டியிருக்கும்.