1941ல் ஜப்பான் ஏன் அமெரிக்காவைச் சீண்டியது?

கேள்வி: தன்னைவிடப் பல மடங்கு பெரிய பொருளாதாரம் கொண்ட அமெரிக்காவோடு ஜப்பான் மோதியதற்குக் காரணம் என்ன? வெறும் திமிரா?

பெரும்பாலானவர்கள் எண்ணெய் என்பார்கள். சரிதான். ஜப்பானுக்குத் தேவையான எண்ணெயில் கிட்டத்தட்ட 80 சதவீதம் அமெரிக்காவிலிருந்தே வந்தது. 1941 ஜூலையில் ஜப்பான், பிரெஞ்சுக் காலனியான இந்தோசீனாவின் (இன்றைய வியட்நாம் பகுதி) தெற்கில் படையை இறக்கியதும் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் ஜப்பானியச் சொத்துகளை முடக்கினார். பணத்தை எடுக்க முடியாவிட்டால் எண்ணெய் வாங்குவது எப்படி? ஆகஸ்டில் வரத்து நின்றே போனது. கையிருப்பு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்குத்தான் தாங்கும், போர் வந்தால் அதுவும் தாங்காது. கடற்படை மணிக்கு 400 டன் எண்ணெய் குடிக்கிறது, சீக்கிரம் ஒரு முடிவு சொல்லுங்கள் என்று கடற்படைத் தளபதி நகானோ ஒசாமி அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

ஆனால் எண்ணெய் திரும்பக் கிடைக்க ஒரு வழி இருந்தது: 1937 முதல் போரிட்டுக்கொண்டிருந்த சீனாவிலிருந்து, அமெரிக்கா கேட்டபடி வெளியேறுவது. அதை ஏன் செய்யவில்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

1929க்குப் பிறகு உலகச் சந்தை படுத்தது, பட்டு விலை சரிந்தது, ஜப்பானியக் கிராமங்கள் நொடித்தன. சொந்தமாக நிலமும் கனிமமும் வேண்டும் என்ற ராணுவத்தின் பேச்சு எடுபட்டது. 1931ல் சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியாவை ஜப்பான் பிடித்தது. இத்தனைக்கும் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்தியவர் நிதியமைச்சர் தகாஹாஷி கொரேகியோ. நாணய மதிப்பைத் தங்கத்தோடு கட்டிவைக்கும் தங்கத் தரத்தைக் கைவிட்டு, கடன் வாங்கிச் செலவு செய்து, பெரும்பாலான நாடுகளுக்கு முன்பே நாட்டை மந்தத்திலிருந்து மீட்டார். மீண்டதும் ராணுவச் செலவைக் கட்டுப்படுத்தப் பார்த்தார். 1936 பிப்ரவரி 26 அதிகாலையில் இளம் ராணுவ அதிகாரிகள் அவர் வீட்டுக்குள் புகுந்து படுக்கையிலேயே கொன்றார்கள். வயது 81. அதற்கப்புறம் பட்ஜெட்டில் கை வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்? அதே ஆண்டு, பணியில் இருக்கும் அதிகாரிதான் ராணுவ அமைச்சராக வரலாம் என்ற பழைய விதியும் திரும்ப வந்தது. பிடிக்காத பிரதமரா? அமைச்சரைத் தராமல் இருந்தால் போதும், அமைச்சரவை கவிழ்ந்துவிடும். 1940ல் பிரதமர் யோனாயின் அரசு இப்படித்தான் போனது.

1937ல் தொடங்கிய சீனப் போர் புலி வாலைப் பிடித்த கதையானது. தலைநகர் நான்ஜிங் விழுந்த பிறகும் சீனா பணியவில்லை. 1941 செப்டம்பரில் பேரரசர் ஹிரோஹிட்டோ, அமெரிக்காவோடு போர் வந்தால் எத்தனை நாளில் முடியும் என்று தரைப்படைத் தளபதி சுகியாமாவிடம் கேட்டார். தெற்கே மூன்று மாதம் என்றார் அவர். சீனாவையும் சீக்கிரம் முடித்துவிடுவதாகச் சொன்னீர்களே என்றார் பேரரசர். சீனாவின் உள்நாடு பரந்தது என்று சமாளித்த சுகியாமாவுக்குக் கிடைத்த பதில்: பசிபிக் அதைவிடப் பரந்ததல்லவா? இவ்வளவு தெரிந்தவரும் போரை நிறுத்தவில்லை.

அமெரிக்காதான் வம்புக்கு இழுத்தது என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. தடையின் கடுமையில் கணக்குத் தப்பியிருக்கலாம். அதற்காக நான்ஜிங் படுகொலை செய்த படைக்கு எண்ணெய் விற்றுக்கொண்டே இருந்திருக்க வேண்டுமா?

திட்டம் எளிமையானது. ஹவாயில் உள்ள பேர்ல் ஹார்பர் தளத்தில் அமெரிக்கக் கப்பற்படையை முடக்கிவிட்டு, டச்சுக்காரர்களின் சுமத்ரா எண்ணெயையும் மலாயா ரப்பரையும் பிடிப்பது. (அந்த ரப்பர் மரங்களில் பால் எடுத்தவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள். பிறகு ஜப்பான் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களில் ஏராளமானோரும் அவர்களே.) 1942 பிப்ரவரியில் சுமத்ராவின் பாலெம்பாங் சுத்திகரிப்பு ஆலைகள் கைக்கு வந்தன. எண்ணெயும் வந்தது, ஆனால் கொண்டுவந்த டாங்கர்களை அமெரிக்க நீர்மூழ்கிகள் வரிசையாக மூழ்கடித்தன. கடைசியில் விமான எரிபொருளுக்காக மக்களைப் பைன் மர வேர்களைத் தோண்டவிட்டார்கள்.