போயா லீவில் ஒரு நாள் எங்களுக்காக: கேள்வி பதில்

மாதத்தில் ஒரு போயா விடுமுறையை உடம்புக்கும் மனதுக்கும் ஒதுக்கிப் பாருங்கள் என்று சொன்னேன், கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஓய்வுபெற்ற தாதி என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்தைக் கூட்டிக் குறைப்பது உங்கள் டொக்டரின் வேலை.

கொக்குவில் அம்மா: எனக்கு ஓய்வென்றால் அன்றைக்குச் சமைப்பது யார்?

சரியான கேள்வி. பல வீடுகளில் ஆரோக்கிய நாள் என்றால் குரக்கன் புட்டு, இலைக்கஞ்சி, ஐந்து மரக்கறி என்று அம்மாவுக்குத்தான் வேலை கூடுகிறது. தேங்காய் திருவுவதில் தொடங்கிச் சட்டி கழுவும் வரை நின்றால் குதிக்கால் நோதான் மிச்சம். காலையில் கடை இடியப்பம் எடுங்கள். மத்தியானம் சோறு, பருப்பு, ஒரு கீரை போதும். அதையும் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சமைக்கட்டும். உப்புக் கூடினால் கூடட்டும், நீங்கள் குசினிப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. ஒன்று, இதை முதல் நாளே சொல்லி வையுங்கள். விடிந்த பிறகு சொன்னால் எல்லோர் முகமும் கோணும்.

சாவகச்சேரி ஐயா: எனக்கு நீரிழிவு. அன்று விரதம் இருந்து வயிற்றைக் காயப்போடலாமா?

இன்சுலின் போடுபவர்களும் சீனியைக் குறைக்கும் கிளிக்கிளசைட் போன்ற குளிசை எடுப்பவர்களும் டொக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்க வேண்டாம், ஐயா. இரத்தத்தில் சீனி சட்டென்று இறங்கிவிடும். கை நடுங்கும், வேர்க்கும், தலை சுற்றும். உடனே மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் சரிவராவிட்டால் இன்னொரு தடவை. குரக்கன் என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்ற கதையையும் விடுங்கள், அதுவும் மாப்பொருள்தான்.

அன்று ஒரு நாள் நன்றாக நடந்தால் போதாதா?

போதாது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம். நடக்கும்போது கதைக்க முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது, அதுதான் சரியான வேகம். யாழ்ப்பாணம் பண்ணைக் கடற்கரைப் பக்கம் பின்னேரம் நடக்க வருபவர்களில் பாதிப்பேர் கச்சான் வாங்கிக்கொண்டு நின்றுவிடுகிறார்கள்!

வங்கியில் வேலை செய்யும் தம்பி: போனை நிறுத்தி வைக்க முடியாது. கனடாவில் இருந்து அக்கா எடுப்பா.

அக்காவோடு கதைப்பதால் மனம் கெடாது, தம்பி. கெடுப்பது மற்றவர்களின் கலியாண வீட்டையும் சண்டையையும் மணிக்கணக்காகத் தள்ளித் தள்ளிப் பார்ப்பது. எங்களுக்குப் பின்னேரம் என்றால் அங்கே காலை. அந்த நேரத்தை அக்காவுக்கு வையுங்கள், மிச்ச நேரம் போன் அலுமாரிக்குள் கிடக்கட்டும்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: இரண்டு கிழமைக்கு மேலாக எதிலும் மனம் பிடிக்கவில்லை. நித்திரையும் இல்லை.

இது ஒரு நாள் லீவில் தீருகிற விஷயம் இல்லை, காத்திருக்கவும் வேண்டாம். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியிலும் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் அந்த நிமிடமே பக்கத்தில் உள்ள ஒருவரிடம் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு இரவிலும் எடுக்கலாம்.

நல்லெண்ணெய் முழுக்கு நல்லதா?

சுகமாகத்தான் இருக்கும். காய்ச்சல், தடிமன் இருந்தால் வேண்டாம். வயதானவர்கள் எண்ணெய்க் காலோடு கிணற்றடிச் சீமெந்தில் தனியாக நடக்க வேண்டாம். வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து வருபவர்களை வார்ட்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு கதிரை போட்டு இருத்தி, பிள்ளைகள் வாளியில் அள்ளி வார்க்கட்டும்.