ஸ்கோர் எழுத வைத்தால் விளையாடியதாகிவிடுமா?

வாசகர் கேள்விகள் – ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை பதில்கள்

கேள்வி: வணக்கம் டீச்சர். எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறை பக்கம். மகன் தமிழ் மீடியத்தில் ஆறாம் வகுப்பு. பிறந்ததிலிருந்தே செரிப்ரல் பால்சி (மூளை முடக்குவாதம்). காலில் காலிபர் (தாங்கு பட்டை) போட்டு, வாக்கர் பிடித்து நடப்பான். பி.டி. பீரியடில் அவனை மரத்தடியில் உட்கார வைத்து ஸ்கோர் எழுதச் சொல்கிறார்கள். "விழுந்துவிட்டால் யார் பதில் சொல்வது?" என்கிறார் பி.டி. மாஷ் (ஆசிரியர்). அவர் சொல்வதும் சரிதானோ என்று தோன்றுகிறது.
– ஒரு தாய்

பதில்: மாஷுக்கு இருப்பது உண்மையான பயம்தான் அம்மா. அதற்காக உங்கள் மகன் விளையாட்டை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. உடற்கல்வியும் ஒரு பாடம். கணக்கு வராத பிள்ளையைக் கணக்குப் பீரியடில் வெளியே உட்கார வைப்போமா?

2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 16-ஆம் பிரிவைப் பாருங்கள். அரசு நடத்தும், நிதி தரும், அங்கீகரித்த பள்ளிகளில் இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்போடு விளையாட்டும் பொழுதுபோக்கும் மற்றவர்களுக்குச் சமமாகக் கிடைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. சண்டை போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. தலைமையாசிரியர் முன்னால் நீங்கள் கூனிக் குறுகி நிற்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

முதலில் மகனையே கேளுங்கள், எதை விளையாட ஆசை என்று. நாம் யாரும் கேட்பதே இல்லை. அப்புறம் அவனுடைய பிசியோதெரபிஸ்டிடம், எதெல்லாம் கூடாது என்று எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் அது ரெண்டு மூன்று வரிதான் இருக்கும். அந்தத் தாள் கையில் இருந்தால் மாஷின் பயம் பாதி போய்விடும். அவசரப்பட்டாலோ, ஆட்டம் சூடுபிடித்தாலோ இந்தப் பிள்ளைகளுக்குத் தசை இறுகிக்கொள்ளும். சீக்கிரம் களைத்தும் போவார்கள். அதனால் தொடங்கும் முன் நிதானமாகக் கைகால் நீட்டி மடக்கட்டும், இடையிடையே உட்காரட்டும். நம் பாலக்காட்டு மார்ச் மாத வெயிலில் காலை பத்து மணிக்குமேல் எந்தப் பிள்ளையையும் ஓட விடக்கூடாது என்பேன்.

இனி விளையாட்டு. போச்சியா என்று ஒன்று உண்டு. செரிப்ரல் பால்சி உள்ளவர்களுக்காகவே வளர்ந்தது, 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. உட்கார்ந்தபடி ஆடலாம். ஒரு வெள்ளைப் பந்தை முன்னால் உருட்டிவிடுவார்கள். ஒரு பக்கத்துக்கு ஆறு சிவப்புப் பந்து, மறுபக்கத்துக்கு ஆறு நீலப் பந்து. வெள்ளைக்கு யார் பந்து மிக அருகில் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. எறியலாம், உருட்டலாம், காலால் தள்ளலாம். கை பிடிப்பு சரியாக இல்லாத பிள்ளை, சரிவான பலகையில் வைத்து உருட்டிவிடலாம். பி.வி.சி. குழாயை நீளவாக்கில் ரெண்டாகப் பிளந்து வைத்தால் அதுவே போதும். பந்து வாங்கக் காசு வேண்டாம். பழைய சாக்ஸில் புளியங்கொட்டையை நிரப்பித் தைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு முழுக்க ஆடட்டும். குறி பார்ப்பதில் ஓடுகிற பிள்ளைகள் தோற்பதை எங்கள் மைதானத்தில் கண்ணால் பார்த்திருக்கிறேன். தோற்றதும் அவர்கள் அந்தப் பிள்ளையிடமே போய், எப்படிக் குறி வைத்தாய் என்று கேட்பார்கள். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

வாலிபாலையும் உட்கார்ந்து ஆடலாம். அதற்கு மைதானம் 10 மீட்டருக்கு 6 மீட்டர். வலை ஆண்களுக்கு 1.15 மீட்டர், பெண்களுக்கு 1.05 மீட்டர் உயரம். பள்ளிக்குக் கயிறு கட்டினாலே போதும். எல்லாரும் தரையில் உட்கார வேண்டும், அது முக்கியம். இன்னொன்று, கேப்டன்கள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி ஆள் எடுக்கும் வழக்கத்தை மாஷ் நிறுத்தட்டும். கடைசியில் மிஞ்சுவது யார் என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும்.

மாஷ் தயங்கினால் பி.ஆர்.சி.யில் (வட்டார வள மையத்தில்) இருக்கும் ஸ்பெஷல் எஜுகேட்டரையும் (சிறப்பு ஆசிரியரையும்) கூட்டிக்கொண்டு பேசுங்கள். 2024 நவம்பரில் கொச்சியில் நடந்த கேரள மாநிலப் பள்ளி விளையாட்டு விழாவில் மாற்றுத்திறன் பிள்ளைகளும் போட்டியிட்டார்கள். மாநில அளவில் முடிந்தது ஒரு வகுப்பில் முடியாதா?

கேள்வி: ஓணத்துக்கு எங்கள் கிளப் விளையாட்டுப் போட்டி நடத்துகிறது. ஊரில் பார்வையில்லாத அண்ணன் ஒருவர் ஆர்வமாக இருக்கிறார். அவருக்குத் தனியாக ஒரு போட்டி வைக்கலாமா?
– கிளப் செயலாளர், வேலந்தாவளம்

பதில்: தனியாக வேண்டாம் தம்பி. ஒரே ஆள் ஓடி, அவருக்கே பரிசும் கொடுத்தால் அவருக்கு அதில் என்ன இருக்கிறது? உறியடியில் எல்லார் கண்ணையும்தானே கட்டுகிறீர்கள், அதில் அவரைச் சேருங்கள். ஆனால் கூட்டம் வேடிக்கைக்காக இடது வலது என்று தப்பாகக் கத்தும். பார்வையுள்ளவர் தடுமாறினால் கண்கட்டை அவிழ்த்துக்கொள்வார், இவரால் அது முடியாது. ஆகவே ஒவ்வொருவருக்கும் வழி சொல்ல ஓர் ஆள் மட்டும் இருக்கட்டும், மற்றவர்கள் வாயைத் திறக்கக்கூடாது என்று எல்லாருக்கும் ஒரே விதி வையுங்கள். போட்டிக்கு முன்னால் அவர் கையைப் பிடித்து மைதானத்தைச் சுற்றிக் காட்டிவிடுங்கள். வடம்வலிக்கும் (கயிறு இழுக்கும் போட்டிக்கும்) கூப்பிடுங்கள், அதில் கண்ணுக்கு வேலையே இல்லை.

கேள்வி: மகளுக்கு டவுன் சிண்ட்ரோம், வயது ஒன்பது. பள்ளியில் எல்லாரையும் போலக் குட்டிக்கரணம் போட வைக்கிறார்கள். போடலாமா?
– ஒரு தகப்பனார், மீனாட்சிபுரம்

பதில்: டாக்டரைக் கேட்கும்வரை போட வேண்டாம் ஐயா. இந்தப் பிள்ளைகளில் சிலருக்குக் கழுத்தின் மேல்பகுதியில் உள்ள முதல் ரெண்டு எலும்புகளின் இணைப்பு தளர்வாக இருக்கும். தலையை ஊன்றிப் புரள்வது, தலைகீழாகத் தண்ணீரில் குதிப்பது, டிராம்போலின் இதெல்லாம் ஆபத்து. திடீரென்று நடை மாறினாலோ, கை பலம் குறைந்தாலோ, கழுத்து வலி என்றாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மற்றபடி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நடனம், ஓட்டம், பந்து எறிதல், ஆள் பக்கத்தில் நிற்க நீச்சல் எல்லாம் தாராளமாகச் செய்யட்டும். குட்டிக்கரணம் நடக்கும் நேரத்தில் அவளுக்கு வேறொரு பயிற்சி கொடுக்கச் சொல்லுங்கள். சும்மா உட்கார வைக்க விடாதீர்கள்.